நகத்தில் அப்பும் தலைப் பிசுக்கு: அது என்ன, எப்படிப் போக்குவது?

தலைக்குக் குளித்த மறுநாளே உச்சியில் கீறிப் பார்த்தால் நகக்கண்ணில் சாம்பல் கலந்த வெள்ளையாக, மெழுகைப்போல ஏதோ அப்புகிறது; தோளில் செதில் உதிர்வதில்லை; அரிப்பும் பெரிதாக இல்லை; பொடுகு ஷாம்பூ போட்டுப் பார்த்தும் போகவில்லை. இது பொடுகா, அழுக்கா, எப்படி நீக்குவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நீங்கள் விவரிப்பது பெரும்பாலும் பிசுக்குப் படிவு. தோலிலிருந்து சுரக்கும் எண்ணெய், இறந்த தோல் செல்கள், வியர்வையின் உப்பு, தலையில் தடவிய பொருள்களின் மிச்சம் எல்லாம் ஒன்றாகக் குழைந்து மயிர்க்கால்களைச் சுற்றி ஒட்டியிருக்கிறது. நோய் என்று சொல்லுமளவுக்கு இதில் ஒன்றும் இல்லை. முதலில் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன்: நகத்தால் கீறிப் பார்ப்பதை நிறுத்திவிடுங்கள். ஆரோக்கியமான தலையைக் கீறினாலும் நகத்தில் கொஞ்சம் ஏதாவது வரத்தான் செய்யும். தினமும் சோதித்துப் பார்ப்பவருக்குத் தினமும் ஏதாவது கிடைக்கும். கீறிய இடம் சிவக்கும், சிவந்த இடம் ஆறும்போது செதில் விடும், அந்தச் செதிலைப் பார்த்து மறுபடி கீறத் தோன்றும். படிவைவிட இந்தச் சுழற்சிதான் பலருடைய தலையைக் கெடுக்கிறது.

தலைத்தோல் முகத்தைப்போலவே எண்ணெய்ச் சுரப்பிகள் நெருக்கமாக உள்ள இடம். ஒவ்வொரு மயிர்க்காலோடும் ஒட்டியிருக்கும் சுரப்பி, செபம் எனப்படும் எண்ணெயைச் சுரக்கிறது. அதில் ட்ரைகிளிசரைடுகள் என்ற கொழுப்புகளும் ஸ்குவாலீன் என்ற எண்ணெய்ப் பொருளும் இருக்கின்றன. ஏறத்தாழ கால் பங்கு மெழுகு வகையைச் சேர்ந்தது. உங்கள் நகத்தில் வந்தது மெழுகைப்போல இருப்பதற்கு அதுவே காரணம். இன்னொரு பக்கம், தோலின் மேலடுக்கு ஏறத்தாழ நான்கு வாரங்களுக்கு ஒருமுறை தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. அடியில் பிறந்த செல்கள் மேலேறி, காய்ந்து, கண்ணுக்குத் தெரியாத துகள்களாக உதிர்கின்றன. கையிலும் காலிலும் அந்தத் துகள்கள் உடையில் உரசிப் போய்விடும். தலையில் முடி இருப்பதால் அவை போக வழியில்லை. எண்ணெயில் சிக்கி அங்கேயே தங்குகின்றன. ஆக, கழுவாவிட்டால் படிவு சேர்வது எல்லாத் தலைக்கும் பொது. எவ்வளவு வேகமாகச் சேர்கிறது என்பதில்தான் ஆளுக்கு ஆள் வேறுபாடு. எண்ணெய்ச் சுரப்பை ஹார்மோன்களே, அதிலும் ஆண்ட்ரோஜன் வகை ஹார்மோன்களே, பெரிதும் தீர்மானிக்கின்றன. பருவ வயதில் தலை சட்டென்று பிசுபிசுக்கத் தொடங்குவதும், பெண்களுக்கு மாதவிடாய் நின்றபின் தலை வறண்டுபோவதும் இதனால்தான்.

இதை வைத்தே ஒரு தவறான நம்பிக்கையைத் தள்ளிவிடலாம். அடிக்கடி கழுவினால் சுரப்பிகள் "ஈடுகட்ட" இன்னும் அதிகமாக எண்ணெய் சுரக்கும் என்று பலர் உறுதியாகச் சொல்கிறார்கள். தோலின் மேற்பரப்பில் எண்ணெய் இருக்கிறதா இல்லையா என்று சுரப்பி வேவு பார்ப்பதில்லை. அது தன் போக்கில் சுரந்துகொண்டே இருக்கும். கழுவுவதைக் குறைத்துத் தலையைப் "பழக்கப்படுத்த" முயல்பவர்களுக்கு எண்ணெய் குறைவதில்லை, படிவுதான் கூடுகிறது. கழுவும்போது முடி கொட்டுகிறதே என்று அஞ்சித் தள்ளிப்போடுபவர்களும் உண்டு. நாளொன்றுக்கு 50 முதல் 100 முடிவரை உதிர்வது இயல்பு. நான்கு நாள் கழுவாமல் இருந்தால், ஏற்கெனவே வேரைவிட்டுக் கழன்ற முடிகள் எல்லாம் ஐந்தாம் நாள் ஒன்றாகக் கையில் வரும். கழுவியதால் அவை விழவில்லை.

இனி, படிவையும் பொடுகையும் பிரித்தறிவது எப்படி? பொடுகின் பின்னால் மலசீசியா என்ற ஈஸ்ட், அதாவது ஒருவகைப் பூஞ்சை, இருக்கிறது. பிரெஞ்சு அறிவியலாளர் லூயி-சார்ல் மலசே 1874இல் விவரித்த நுண்ணுயிர் இது. பெயரும் அவரிடமிருந்து வந்ததுதான். அநேகமாக எல்லோர் தலையிலும் அது வாழ்கிறது. தனக்கு வேண்டிய கொழுப்பு அமிலங்களைத் தானே தயாரிக்க அதற்குத் தெரியாது. ஆகவே நம் தலை எண்ணெயை நொதிகளால் உடைத்து உண்கிறது. உடைத்தபின் எஞ்சும் ஒலீயிக் அமிலம் போன்ற பொருள்கள் சிலருடைய தோலை உறுத்துகின்றன. உறுத்தப்பட்ட தோல் அவசர அவசரமாகப் புதிய செல்களைத் தள்ளுகிறது. முற்றி முதிராத அந்தச் செல்கள் ஒன்றோடொன்று ஒட்டியபடியே கொத்தாக உதிர்கின்றன. கண்ணுக்குத் தெரியும் பொடுகு அதுதான். இதே போக்கு தீவிரமாகி, தோல் சிவந்து, மஞ்சள் நிறத்தில் பிசுபிசுத்த செதில்கள் கட்டினால் செபோரிக் டெர்மடைட்டிஸ் என்கிறார்கள். அது தலையோடு நிற்பதில்லை. புருவம், மூக்கின் இரு பக்க மடிப்பு, காதின் பின்புறம் ஆகியவற்றையும் கண்ணாடியில் பாருங்கள். அங்கும் செதில் இருந்தால் ஐயம் பெருமளவு தீர்ந்துவிடும்.

வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. ஷாம்பூவைத் தவிர எதையும் ஒரு வாரம் தலையில் தடவாதீர்கள்: எண்ணெய், ஜெல், ஸ்பிரே, உலர் ஷாம்பூ எதுவும் வேண்டாம். கண்டிஷனர் போட்டே ஆகவேண்டும் என்றால் முடியின் நுனிப்பகுதிக்கு மட்டும் போடுங்கள். முதல் நாள், ஆழ்ந்து சுத்தம் செய்யும் கிளாரிஃபையிங் வகை ஷாம்பூவால் ஒரே குளியலில் இருமுறை கழுவுங்கள். தலை தெளிந்து, படிவு மெதுவாக, பல நாள் கழித்தே திரும்பினால் அது பிசுக்கும் பொருள் மிச்சமும்தான். இரண்டு மூன்று நாளில் அரிப்போடும் செதிலோடும் திரும்பினால் பொடுகு வகை. கழுவியும் அசையாமல் தடிப்பாக ஒட்டிக்கொண்டே இருந்தால், நாம் பேசிக்கொண்டிருக்கும் விஷயமே வேறு. அதற்குக் கடைசியில் வருகிறேன். ஒட்டியிருப்பது தோலின் மேலா, முடித்தண்டின் மேலா என்பதையும் கவனியுங்கள். முடியைச் சுற்றிக் குழல்போல இருந்து, விரலால் இழுத்தால் வழுக்கி வருவது வெறும் உறைச் செதில். முடியின் ஒரு பக்கத்தில் சிறு முட்டைபோல ஒட்டி, இழுத்தாலும் நகராமல் இருப்பது ஈறாக இருக்கலாம். பேன் தொல்லையைப் பொடுகென்று நினைத்து மாதக்கணக்கில் ஷாம்பூ மாற்றிக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள்.

பொருள்களின் மிச்சத்தைப் பொறுத்தவரை முதல் குற்றவாளி என்று நான் கருதுவது உலர் ஷாம்பூ. பெயரில் ஷாம்பூ இருந்தாலும் அது எதையும் நீக்குவதில்லை. அதிலுள்ள மாவுச்சத்து எண்ணெயை உறிஞ்சிக்கொண்டு தலையிலேயே உட்கார்ந்திருக்கிறது. ஒருநாள் அவசரத்துக்குச் சரி. மூன்று நாள் தொடர்ந்து அடித்தால் நீங்கள் சொல்லும் அதே சாம்பல் நிறப் பசை உருவாகும். அடுத்தது ஷாம்பூவும் கண்டிஷனரும் ஒன்றாகக் கலந்த டூ-இன்-ஒன் வகை. முடி வழவழப்பாக இருக்க வேண்டும் என்பதற்காக அதிலுள்ள சிலிகோனும் பாலிமர்களும் கழுவியபின்னும் தங்கும்படியே தயாரிக்கப்படுகின்றன. சிலருக்கு அதனால் ஒரு தொந்தரவும் இல்லை. எண்ணெய்ப்பசை மிகுந்த, மெல்லிய முடிக்காரர்களுக்குப் படிவு கூடலாம். இதற்காகச் சிலிகோனையே நஞ்சுபோலப் பார்க்க வேண்டியதில்லை. நன்றாக நுரைக்கும் சாதாரண ஷாம்பூவில் பெரும்பகுதி போய்விடும். சல்பேட் இல்லாத மிக மென்மையான ஷாம்பூவை மட்டும் பயன்படுத்திக்கொண்டு, கூடவே கனமான க்ரீம்களையும் தடவுபவர்களுக்குத்தான் கணக்கு இடிக்கிறது: உள்ளே போவது அதிகம், வெளியேறுவது குறைவு.

முடி வளர மினாக்சிடில் திரவம் தடவுகிறவர்களுக்குத் தனியாக ஒரு சொல். அந்தத் திரவம் காய்ந்தபின் மருந்து வெள்ளைப் பொடியாகத் தோலில் தங்கும்; பார்வைக்குப் பொடுகுபோலவே இருக்கும். திரவ வடிவத்தில் சேர்க்கப்படும் புரோப்பிலீன் கிளைக்கால் சிலருக்கு அரிப்பையும் செதிலையும் உண்டாக்குகிறது. அது சேராத நுரை வடிவத்துக்கு மாறலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். நீங்களாக மருந்தை நிறுத்திவிட வேண்டாம்.

கடின நீரும் ஒரு காரணம். கால்சியம், மெக்னீசியம் உப்புகள் மிகுந்த நீரில் சோப்புக் கட்டியால் தலை கழுவினால், சோப்பும் கால்சியமும் சேர்ந்து நீரில் கரையாத வெண்படிவாக மாறும். வாளியின் விளிம்பில் வளையமாகப் படிகிறதே, அதே பொருள்தான் தலையிலும் படிகிறது. ஷாம்பூவிலுள்ள செயற்கைச் சலவைப்பொருள்களுக்கு இந்தத் தொல்லை மிகக் குறைவு. எனவே கடின நீர் வரும் வீட்டில் தலைக்குச் சோப்பை விட்டு ஷாம்பூவுக்கு மாறுவதே பாதித் தீர்வு. அதற்குப் பிறகும் முடி சொரசொரப்பாக, சுண்ணாம்பு படிந்ததுபோல இருந்தால், ஈடிடிஏ போன்று உலோக அயனிகளைப் பிடித்து இழுக்கும் பொருள் சேர்ந்த கீலேட்டிங் ஷாம்பூவை மாதத்துக்கு ஓரிரு முறை பயன்படுத்தலாம்.

இப்போது கழுவும் முறைக்கு வருகிறேன். விலையுயர்ந்த புட்டியைவிட இதுதான் முக்கியம் என்பது என் உறுதியான கருத்து. பெரும்பாலானோர் முடியைக் கழுவுகிறார்கள், தோலைக் கழுவுவதில்லை. உச்சியில் ஒரு கை ஷாம்பூவை ஊற்றி, முடியைக் குவித்து நுரையைக் கசக்கிவிட்டு அலசிவிடுகிறார்கள். பின்மண்டையும் காதின் மேற்பகுதியும் ஷாம்பூவைப் பார்ப்பதே இல்லை. படிவு அங்கேதான் மிகுதியாக இருக்கும்.

வெதுவெதுப்பான நீரில் தலைத்தோல்வரை முழுக்க நனையுங்கள். அடர்ந்த முடிக்கு இதற்கே ஒரு நிமிடத்துக்குமேல் ஆகும். கொதிக்கும் நீர் வேண்டாம். அது தோலை வறட்டி உறுத்தும். ஷாம்பூவை உள்ளங்கையில் சிறிது நீரோடு குழைத்து, விரல்களால் வகிடு பிரித்து, தோலில் நான்கைந்து இடங்களில் தடவுங்கள். பிறகு விரல் நுனியின் சதைப்பகுதியால், நகம் படாமல், சிறு வட்டங்களாக நெற்றியிலிருந்து பிடரிவரை தேய்த்துக்கொண்டே போங்கள். முதல் முறை போட்டதில் நுரை சரியாக வராது; எண்ணெய் நுரையைக் கொன்றுவிடும். அலசிவிட்டு இரண்டாம் முறை போடும்போது நுரை பொங்கும். அப்போதுதான் சலவைப்பொருள் தோலை எட்டுகிறது. பிசுக்குத் தலைக்கு இரண்டாம் முறையை விட்டுவிடாதீர்கள். இரண்டு மூன்று நிமிடம் நுரை தலையில் இருக்கட்டும். ஷாம்பூ மூலக்கூறின் ஒரு முனை எண்ணெயைப் பற்றும், மறுமுனை நீரைப் பற்றும். எண்ணெய்த் துளிகளைச் சூழ்ந்து நீரோடு கொண்டுபோக அதற்கு அழுத்தம் தேவையில்லை, நேரம்தான் தேவை. கடைசியில், போட்டதைப்போல இரண்டு மடங்கு நேரம் அலசுங்கள். அலசாமல் விட்ட ஷாம்பூவே காய்ந்து படிவாக மாறிய தலைகளும் உண்டு.

எத்தனை நாளுக்கு ஒருமுறை கழுவுவது என்பதற்கு எல்லோருக்கும் பொருந்தும் எண் கிடையாது. நேரான, எண்ணெய்ப்பசை முடி என்றால் நாளும் கழுவலாம், தவறே இல்லை. இறுக்கமாகச் சுருண்ட முடியில் தலை எண்ணெய் தண்டு வழியாக நுனிக்கு இறங்குவதில்லை. வேரில் பிசுக்கும் நுனியில் வறட்சியுமாக இருக்கும். அவர்கள் அடிக்கடி கழுவினால் முடி முறியும். வாரம் ஒருமுறை, தோலில் மட்டும் கவனம் வைத்துக் கழுவி, நுனிக்குத் தாராளமாகக் கண்டிஷனர் போடுவது நல்லது. நெருக்கமாகப் பின்னிய சடைகள் போட்டிருப்பவர்கள் ஷாம்பூவை நீர்க்கக் கரைத்து, முனை கூர்ந்த புட்டியால் வகிடுகளின் மேல் விட்டு அலசலாம். நாள் முழுக்கத் தலைக்கவசமோ துணியோ அணிபவர்கள் ஈரத்தலையோடு அணியக்கூடாது; காற்றில்லாத ஈரம் ஈஸ்ட்டுக்கு வசதி.

படிவு தடித்து, பட்டையாக ஒட்டியிருந்தால் முதலில் ஊறவைத்து இளக்க வேண்டும். திரவப் பாரஃபின் எனப்படும் கனிம எண்ணெயை அந்த இடத்தில் தடவி ஒரு மணி நேரம் விட்டுக் கழுவுங்கள். தாவர எண்ணெயும் இளக்கும். ஆனால் அதிலுள்ள கொழுப்பு அமிலங்கள் பல மலசீசியாவுக்கு உணவு. பொடுகு உள்ளவர்கள் அதை இரவு முழுக்க ஊறவைப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். முடித்தண்டுக்குத் தேங்காய் எண்ணெய் நல்லது என்பது வேறு விஷயம். தண்டுக்கு நல்லதெல்லாம் தோலுக்கும் நல்லதாக இருக்க வேண்டும் என்பதில்லை. இளகியபின் சாலிசிலிக் அமிலம் 2 முதல் 3 சதவீதம் கலந்த ஷாம்பூவை ஐந்து நிமிடம் வைத்திருந்து அலசுங்கள். இறந்த செல்களை ஒன்றோடொன்று பிணைத்திருக்கும் கட்டை இந்த அமிலம் தளர்த்துகிறது. செதில் தானாகக் கழன்று வரும். வாரம் இரண்டு முறை போதும். ஆஸ்பிரின் ஒவ்வாமை உள்ளவர்கள், கருவுற்றிருப்பவர்கள் மருத்துவரைக் கேட்டபின்பே பயன்படுத்த வேண்டும். சிறு குழந்தைகளின் தோல் இதை அதிகமாக உறிஞ்சிவிடும். அவர்களுக்கு வேண்டவே வேண்டாம்.

சோதனையில் பொடுகு என்று தெரிந்தால் ஈஸ்ட்டைக் குறைக்கும் மருந்து தேவை. கீட்டோகோனசோல் 2 சதவீத ஷாம்பூ பரவலாகப் பரிந்துரைக்கப்படுவது: வாரத்துக்கு இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் 3 முதல் 5 நிமிடம் தோலில் வைத்திருந்து, இரண்டு முதல் நான்கு வாரம். பிறகு ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒருமுறை எனத் தொடர வேண்டும். செலினியம் சல்பைடு, சிங்க் பைரித்தியோன் ஆகியவையும் பயன்படுகின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2022 மார்ச் முதல் அழகுப்பொருள்களில் சிங்க் பைரித்தியோனைத் தடைசெய்திருக்கிறது. வேறு பல நாடுகளில் அது விற்பனையில் உண்டு. நீங்கள் பொடுகு ஷாம்பூ போட்டும் போகவில்லை என்றீர்கள். இரண்டு காரணங்கள் இருக்கக்கூடும். உங்களுக்கு இருப்பது பொடுகே அல்ல என்பது ஒன்று. பிசுக்கை நீக்காமல் மருந்தை நேராகப் போட்டு, அரை நிமிடத்தில் அலசியது மற்றொன்று. மருந்து, படிவின் மேல் நின்றுவிட்டால் தோலை எட்டாது. முதல் கழுவலைச் சாதாரண ஷாம்பூவிலும் இரண்டாவதை மருந்து ஷாம்பூவிலும் செய்யுங்கள். கடிகாரத்தைப் பார்த்துக் காத்திருங்கள். பொடுகு அடங்கியபின் மருந்தை முற்றிலும் நிறுத்தினால் சில வாரங்களில் திரும்பும். அந்த ஈஸ்ட்டை அடியோடு ஒழிக்க முடியாது, அதன் எண்ணிக்கையைத்தான் கட்டுக்குள் வைக்க முடியும்.

செய்யக்கூடாதவற்றில் முதலாவது சமையல் சோடா. தலைத்தோலின் பிஹெச் ஏறத்தாழ 5.5, சற்றே அமிலத்தன்மை உடையது. சமையல் சோடா கரைசல் 8ஐத் தாண்டும், அதாவது காரத்தன்மை உடையது. படிவு போவது உண்மை, கூடவே தோலின் பாதுகாப்பு அடுக்கும் குலையும், முடியின் செதிலுறை விரிந்து சிடுக்காகும். எலுமிச்சைச் சாற்றை நீர்க்காமல் தேய்ப்பது நேரெதிர்த் திசையில் அதே தவறு. கீறல் உள்ள தலையில் எரிச்சலைத் தவிர எதுவும் கிடைக்காது. சர்க்கரையோ உப்போ கலந்த தேய்ப்பான்கள் முடிக்குள் சிக்கித் தோலைக் கீறும். மென்மையான சிலிகோன் பிரஷ் பரவாயில்லை, ஷாம்பூ நுரையோடு, அழுத்தாமல். சீப்பின் பல்லால் செதிலைச் சுரண்டி எடுப்பதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். சோரியாசிஸ் என்ற, செதிலோடு தடிப்புகள் கட்டும் தோல்நோய் உள்ளவர்களுக்குக் காயம்பட்ட இடத்திலேயே புதிதாகத் தடிப்பு கிளம்பும்.

கைக்குழந்தைகளின் தலையில் முதல் சில வாரங்களில் கட்டும் மஞ்சள் பொருக்கைக் கண்டு பெற்றோர் கலங்குகிறார்கள். அது தூய்மைக்குறைவால் வருவதில்லை, பெரும்பாலும் சில மாதங்களில் தானே மறையும். சிறிது எண்ணெயால் இளக்கி, குழந்தைக்கான ஷாம்பூவில் கழுவி, மென்மையான பிரஷால் வருடினால் போதும். பிய்த்தெடுக்க வேண்டாம்.

எப்போது மருத்துவரிடம் போவது? வெள்ளி நிறத்தில் தடித்த செதில்கள், எல்லை தெளிவான சிவந்த தடிப்பின்மேல், முடிக்கோட்டைத் தாண்டி நெற்றிக்கு வந்தால் சோரியாசிஸை நினைக்க வேண்டும். முழங்கை, முழங்காலில் அதே தடிப்பும் நகங்களில் சிறு குழிகளும் இருந்தால் அதை உறுதிப்படுத்த உதவும். செதில்கள் முடிக்கற்றைகளைக் கொத்தாகப் பிணைத்து, அடுக்கடுக்காக ஏறியிருந்தாலும் காட்ட வேண்டும். சாயமோ புதிய பொருளோ பயன்படுத்தியபின் தலை எரிந்து நீர் கோத்தால் ஒவ்வாமை. சீழ், வலி, வட்டமாக முடி கொட்டுதல், கழுத்தில் நெறி கட்டுதல் ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். குழந்தையின் தலையில் முடி முறிந்த, செதில் கட்டிய வட்டம் தெரிந்தால் அது படர்தாமரைப் பூஞ்சையாக இருக்கலாம். அதற்கு ஷாம்பூ மட்டும் போதாது. வாய்வழி மருந்து வேண்டும், தாமதித்தால் தழும்பாகி முடி நிரந்தரமாகப் போகவும் கூடும். இதுவரை ஒன்றும் இல்லாத பெரியவருக்குச் செபோரிக் டெர்மடைட்டிஸ் திடீரென்று கடுமையாக வெடித்தாலும் பரிசோதனை தேவை, ஏனெனில் பார்க்கின்சன் நோயிலும் எச்ஐவி தொற்றிலும் அது அப்படித் தலைகாட்டுவதுண்டு.

உங்கள் விஷயத்தில் அந்த அவசரம் தெரியவில்லை. ஒரு வாரச் சோதனையைச் செய்து பாருங்கள். பொடுகு வகை என்று தெரிந்தால் நான்கு வாரம் மருந்து ஷாம்பூவைச் சரியான முறையில் பயன்படுத்துங்கள். அதற்கும் அசையாவிட்டால் தோல் மருத்துவரைப் பாருங்கள். போவதற்கு முன் இரண்டு நாள் தலை கழுவாமல், எண்ணெயோ மருந்தோ தடவாமல் போங்கள். கழுவித் துடைத்த தலையில் அவருக்குப் பார்க்க ஒன்றும் இருக்காது. இப்போது பயன்படுத்தும் ஷாம்பூ, ஜெல், மருந்து எல்லாவற்றின் புட்டிகளையும், அல்லது அவற்றின் பின்பக்கச் சீட்டின் படங்களையும், கையோடு எடுத்துச் செல்லுங்கள்.